நெரவியிலிருந்து எங்கே: கட்டடக்கலை முதுநிலைப் படிப்புக்கு இடம் தேர்வது

பி.ஆர்க் முடித்த ஒரு நெரவிப் பிள்ளை மேலே எங்கே படிப்பது என்று கேட்டால், வீட்டிலும் வெளியிலும் முதலில் கிடைக்கும் பதில் ஒரு தரவரிசைப் பட்டியல்தான். எது முதலிடம், எது இரண்டாமிடம், நம் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கும் என்று பேச்சு அதற்குள்ளேயே சுற்றி வருகிறது. நெரவி இருக்கும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையானது. 2010இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் இருக்கிறது. அங்கே பொறியியல் துறைகள் உண்டு, கட்டடக்கலைத் துறை இல்லை. நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் சுற்றிச் சூழ்ந்திருந்தாலும் தமிழ்நாட்டுச் சேர்க்கைப் படிவத்தில் நெரவிப் பிள்ளை வேறு மாநிலத்தவர். எப்படியும் ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும்; திருச்சிக்கா, டெல்லிக்கா, பாரிசுக்கா என்பதுதான் பாக்கி. போவது உறுதி என்றால் எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்வதே முறை. ஒரு பள்ளியின் ஸ்டுடியோ எந்த மண்ணில், எந்தத் தட்பவெப்பத்தில், எந்த ஆவணங்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதைப் பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும், பட்டியலில் அதன் எண் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதுநிலைப் பட்டம் என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதிலேயே பலருக்கும் தெளிவில்லை. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளவும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளவும் அங்கீகரிக்கப்பட்ட ஐந்தாண்டு பி.ஆர்க் போதும். அந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைத்தான் காக்கிறது, கட்டடம் வடிவமைக்கும் தொழிலையே பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே எம்.ஆர்க் தொழிலுக்கான உரிமம் அல்ல. கல்லூரியில் கற்பிக்க விரும்புபவருக்கு அது கட்டாயம். மற்றவர்களுக்கு அது இரண்டாண்டு காலத்தை ஒரே துறையில் ஆழ இறக்குவதற்கான வாய்ப்பு. நான்கு பருவங்களில் கடைசிப் பருவம் முழுக்க ஆய்வேட்டுக்குப் போய்விடும். இளநிலையில் ஒரு மாணவர் மருத்துவமனையும் வரைவார், பேருந்து நிலையமும் வரைவார், வீடும் வரைவார். எந்த நல்ல கல்லூரியிலும் அந்தப் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதுநிலையில் அப்படி இல்லை. நிலவனப்பு, நகர வடிவமைப்பு, பாரம்பரியப் பாதுகாப்பு, ஆற்றல் சிக்கனம் என்று கிளைகள் பிரிந்துவிடுகின்றன. ஒரு கிளையில் சிறந்த பள்ளி இன்னொரு கிளையில் சாதாரணமாக இருக்கலாம், அந்தக் கிளையே அங்கே இல்லாமலும் போகலாம்.

தரவரிசைகள் இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன. தேசிய நிறுவனத் தரவரிசையில் கட்டடக்கலைக்குத் தனிப்பட்டியல் 2018இல் வந்தது. அண்மை ஆண்டுகளில் ரூர்க்கி ஐ.ஐ.டி தொடர்ந்து முதலிடத்தில் இருக்கிறது, காரக்பூர் ஐ.ஐ.டி, கோழிக்கோடு என்.ஐ.டி, டெல்லித் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளி ஆகியவையும் முன்வரிசையில் வருகின்றன. இவை நல்ல நிறுவனங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கற்பித்தல் வசதி, ஆய்வு வெளியீடு, படித்து முடித்தோரின் நிலை, பல தரப்பினருக்கும் இடமளித்தல், பொதுவான மதிப்பு ஆகிய ஐந்து தலைப்புகளில் ஒரு நிறுவனத்தை மொத்தமாக எடை போடும் பட்டியல் அது. இளநிலையும் முதுநிலையும் அதில் கலந்தே கிடக்கின்றன. சுண்ணாம்புக் காரை அறிந்த ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று அந்த எண் சொல்லாது. உலகப் பட்டியல்களில் சிக்கல் இன்னும் பெரிது. லண்டனின் பார்ட்லெட், அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆகியவை உச்சியில் வரும் கியூ.எஸ் பட்டியலில், கல்வியாளர்களிடம் எடுக்கும் நற்பெயர்க் கருத்துக்கணிப்புக்கே பெரும்பங்கு. நற்பெயர் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதற்கான நற்பெயர் என்று கேட்காமல் அதன் பின்னால் போவதுதான் தவறு.

நெரவியின் மண் எழுப்பும் கேள்விகளில் முதலாவது வெப்பமும் ஈரமும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. காரைக்கால் கடற்கரை வெப்ப-ஈர மண்டலத்தில் அடங்கும். இங்கே இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு, காற்றில் ஈரம் அதிகம். தடித்த சுவர் எழுப்பிப் பகல் வெப்பத்தை வெளியே நிறுத்திவிட்டு இரவுக் குளிரை உள்ளே வாங்கும் வித்தை ராஜஸ்தானத்துக்குப் பொருந்தும். இங்கே உடலைக் காப்பாற்றுவது காற்றோட்டமும் நிழலும்தான். திண்ணை, தாழ்வாரம், முற்றம், சரிந்த நாட்டு ஓட்டுக் கூரை என்று நம் டெல்டா வீடுகள் கண்டுபிடித்து வைத்த வழியும் அதுதான். அகமதாபாத் வெப்ப-வறட்சி மண்டலம்; டெல்லியும் ரூர்க்கியும் கலப்பு மண்டலம். அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆசிரியருக்கு அன்றாடம் கண்முன் தெரியும் பிரச்சினை வேறு. திருச்சி என்.ஐ.டி.யில் ஆற்றல் சிக்கனமும் நிலைத்த தன்மையும் சார்ந்த கட்டடக்கலைக்கென்றே ஒரு எம்.ஆர்க் இருக்கிறது. திருச்சியும் வெப்ப-ஈர மண்டலமே. அங்கே ஒரு வீட்டின் உள்வெப்பத்தை அளக்கக் கருவி வைக்கும் மாணவர், தன் ஊர் வீட்டுக்கு நேரடியாகப் பொருத்திப் பார்க்கக்கூடிய எண்களைப் பெறுவார். தேசியப் பட்டியலில் சில இடங்கள் முன்பின்னாக இருப்பது இதற்கு முன்னால் பெரிய விஷயமே இல்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தட்பவெப்ப அறிவியல் ஓர் ஊருக்குள் அடங்காது. நல்ல ஆய்வுக்கூடம் எங்கிருந்தாலும் எந்த மண்டலத்தையும் ஆராயலாம். அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழகமே இதற்குச் சான்று. இந்தியர்களுக்கு எந்த உள்வெப்பம் இதமானது என்று கணக்கிடும் மாதிரியை 2014 வாக்கில் உருவாக்கிய அதன் ஆய்வுக்குழு, அகமதாபாதோடு நிற்காமல் பெங்களூர், சென்னை, டெல்லி, சிம்லா அலுவலகங்களிலும் கள அளவீடு செய்தது. வெளிநாட்டு அளவுகோல் சொல்வதைவிடக் கூடுதலான வெப்பத்திலும் இந்தியர்கள் இதமாக இருக்கிறார்கள் என்ற அதன் முடிவு 2016ஆம் ஆண்டு விதித்தொகுப்பிலும் இடம் பிடித்தது. இந்த மறுப்பை நான் முழுதாகவே ஏற்கிறேன். அது என் வாதத்தைத் திருத்துகிறது, தகர்க்கவில்லை. ஊர் எங்கே இருக்கிறது என்பதைவிட அந்த ஊர் ஆய்வுக்கூடத்தின் அளவுக்கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. சென்னையில் அளவெடுத்த செப்ட் குழுவும் நெரவிப் பிள்ளைக்குப் பயன்படும். சேரும் ஆண்டில் அந்தக் குழு எந்த மண்டலத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

இரண்டாவது கேள்வி கடல். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையில் செய்ததை மறந்தவர் எவரும் இங்கே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கட்டடக்கலைக்கு இதில் பாடம் பேரழிவைவிட அதற்குப் பிந்தைய மறுகட்டுமானத்திலேயே அதிகம். நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களை ஆராய்ந்த சமூக மானுடவியலாளர் ஜெனிஃபர் டுய்ன் பாரென்ஸ்டைன், சேதமடையாத பழைய வீடுகளும் பல இடங்களில் இடிக்கப்பட்டதையும், நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டதையும், வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுப்பப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். நல்லெண்ணத்துக்கும் பணத்துக்கும் அங்கே குறைவிருக்கவில்லை. மீனவர் வீட்டில் வலை எங்கே வைக்கப்படுகிறது, பெண்கள் பகலில் எந்த நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு என்ன ஆகும் என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. கடற்கரைச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டருக்குக் குறையாத கான்கிரீட் மூடல் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. அதைக் கொத்தனாரோடு நின்று சரிபார்க்காத இடங்களில் கம்பி துருவேறிக் கூரை பொரிந்து விழுகிறது. இந்தக் கேள்வியோடு போகிறவருக்கு ரூர்க்கி நல்ல இடம். பேரிடர் மேலாண்மைக்கான தனி மையம் அந்த ஐ.ஐ.டி.யில் உண்டு, மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. பிரான்சில் பாரிஸ்-பெல்வில் கட்டடக்கலைப் பள்ளி, பெரும் இடர்களும் கட்டடக்கலையும் என்ற பொருளிலேயே ஒரு மேற்சிறப்புப் படிப்பு நடத்துகிறது. முதலிடம், இரண்டாமிடம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் இந்த இரண்டாவது பெயர் படவே படாது.

மூன்றாவது, பழைய கட்டடங்கள். காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1739இல் தொடங்கி 1954 வரை நீடித்தது. வடக்கே அரை மணி நேரப் பயணத்தில் தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. இடையிலுள்ள ஊர்களில் மரத்தூண் தாழ்வாரமும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்ட வீடுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்து உதிரும்போது வீட்டுக்காரர் அதன்மேல் சிமெண்ட் பூசுகிறார். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட, ஐந்தாறு ஆண்டில் சுவர் இன்னும் மோசமாகிறது. அப்புறம் இடிப்பதைத் தவிர வழியில்லை என்றாகிவிடுகிறது. புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. பழைய தோற்றத்தில் மீண்டும் எழுப்பி 2021இல் திறந்தார்கள். அதே நகரின் வைசியாள் வீதியில் தமிழ்த் திண்ணை வீடுகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒரே ஊரில் தோல்வியும் வெற்றியும் அருகருகே நிற்கின்றன. காரைக்கால் எந்தப் பக்கம் போகும் என்பது, சுண்ணாம்பும் மரமும் அறிந்த நான்கைந்து பேர் இங்கே வேலை செய்வார்களா என்பதைப் பொறுத்தது. பாதுகாப்புத் துறைக்கு டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளிகளும் செப்ட்டும் இருக்கின்றன. 1941இல் வேர்விட்ட டெல்லிப் பள்ளிக்கு இதில் நீண்ட மரபு உண்டு. ஆனால் அதன் மாணவர்களுக்கு அருகில் கிடைப்பது செங்கல்லும் மணற்கல்லும் கொண்ட வடநாட்டு நினைவுச் சின்னங்கள். விஜயவாடா பள்ளி 2008இல் பிறந்த இளையது என்றாலும் நம்மைப் போலவே டெல்டாவில் இருப்பது. பெயர் பார்த்தால் டெல்லி, மண் பார்த்தால் விஜயவாடா. இரண்டிலும் இடம் கிடைத்தால் யார் வழிகாட்டி, அவர் கடைசியாக எந்த வீட்டைப் பழுதுபார்த்தார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். கோயில் கட்டுமானத்தில் நாட்டம் உள்ளவர், 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசுக் கட்டட, சிற்பக்கலைக் கல்லூரியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது எம்.ஆர்க் பாதை அல்ல. ஆனால் கல்லின் கணக்கைக் கைவழியாகக் கற்பிக்கும் இடம் வேறு அதிகமில்லை.

பிரான்சைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் இல்லாத கதவு காரைக்காலுக்கு உண்டு. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் கையளிக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இந்த மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரான்ஸ் வெளிநாட்டுப் படிப்பே இல்லை. பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் வரும் தேசியக் கட்டடக்கலைப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் சில நூறு யூரோதான். இந்தியக் குடியுரிமை உள்ளவருக்கும் அந்தப் பள்ளிகள் திறந்தவையே, மொழிதான் தடை. தொழில்முறைப் பட்டத்துக்கான பாடங்கள் பிரெஞ்சில் நடப்பதால் நல்ல தேர்ச்சி கேட்பார்கள். அதற்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு முனைப்பான படிப்பு வேண்டும். ஆனால் அந்த உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காதது. பிரெஞ்சிந்தியாவின் ஆட்சி ஆவணங்களில் பெரும்பகுதி எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த நிலங்களின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. காரைக்காலின் பழைய தெரு ஒன்றை மீட்டெடுக்க நினைப்பவர் பிரெஞ்சு தெரியாமல் அந்தத் தெருவின் பிறப்பைப் படிக்கவே முடியாது. 1887 முதல் பாரம்பரியக் கட்டடக் காப்பைக் கற்பித்துவரும் சாயோ பள்ளியும் பாரிசில்தான். கிரெனோபில் கட்டடக்கலைப் பள்ளியில் 1979இல் உருவான க்ராத்தேர் மையம் மண் கட்டடத்துக்கு உலக அளவில் பெயர் பெற்றது. அங்கே பயின்ற சத்பிரேம் மைனி 1989இல் ஆரோவில்லில் மண் கட்டட மையத்தைத் தொடங்கினார். அழுத்திச் செய்த மண் கற்களால் எழும்பிய ஆரோவில் கட்டடங்களை இன்று பார்க்கிறவர், ஒரு குறிப்பிட்ட பள்ளியின் ஒரு குறிப்பிட்ட படிப்பு நம் கரையில் என்ன விளைவித்தது என்பதைத்தான் பார்க்கிறார். சரியான பள்ளி என்று நான் சொல்வது இதைத்தான்.

மற்ற நாடுகளில் பெயர்ப் பொறி ஒன்று இருக்கிறது. அதில் விழுந்தவர்கள் ஏராளம். பிரிட்டனில் ஓராண்டு எம்.ஏ அல்லது எம்.எஸ்சி படித்து வருவது நல்ல அனுபவமாக இருக்கலாம். ஆனால் அங்கே கட்டடக்கலைஞராகப் பதிவு பெறும் பாதையில் ‘பார்ட் 2’ நிலையை அது பெரும்பாலும் நிறைவு செய்யாது. அமெரிக்காவில் எம்.ஆர்க் என்ற ஒரே பெயரில் தொழில் அங்கீகாரம் பெற்ற பட்டமும் உண்டு, அங்கீகாரம் இல்லாத மேற்பட்டமும் உண்டு. உரிமம் பெற நினைப்பவர் முந்தையதில் சேர்ந்தாக வேண்டும். ஜெர்மனியின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அவர்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் விசாவுக்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 யூரோ கணக்கில் காட்ட வேண்டும். அங்கேயே தங்கி வேலை செய்வதா, திரும்பி வருவதா என்று முடிவு செய்யாமல் இவற்றுள் எதையும் தேர்வது, கடனை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்வதாகிவிடும்.

உள்நாட்டில் பணக் கணக்கு எளிது. கேட் தேர்வில் கட்டடக்கலைத் தாளில் தகுதி பெற்று அங்கீகாரமுள்ள நிறுவனத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இரண்டாண்டுக்குக் கிடைக்கும். ஐ.ஐ.டி, என்.ஐ.டி, திட்டமிடல் பள்ளிகளுக்கு அதுவே நுழைவாயில். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு வேறு, கட்டடக்கலைக் கவுன்சிலின் முதுநிலைத் தேர்வு வேறு. கிண்டியில் 1957இல் தொடங்கிய கட்டடக்கலைத் திட்டமிடல் பள்ளிக்கு நிலவனப்புக் கட்டடக்கலையில் நல்ல பெயர் உண்டு. ஏரி, வாய்க்கால், அலையாத்தி, மணல்மேடு என்று கேள்வி வைத்திருப்பவருக்கு அது அருகிலுள்ள நல்ல இடம். வேறு மாநிலத்தவருக்கான விதிகளை மட்டும் நெரவிப் பிள்ளை முதலிலேயே படித்துவிட வேண்டும்.

இனி, இந்த வாதத்துக்கு எதிராக வலுவாகச் சொல்லக்கூடிய இரண்டு விஷயங்கள். முதலாவது: கடலோர ஊரில் பிறந்த பிள்ளையைக் கடலோரப் பிரச்சினையிலேயே கட்டிப்போடுவது என்ன நியாயம்? சென்னைப் பிள்ளைக்கு உலகம் முழுவதும் திறந்திருக்க, நெரவிப் பிள்ளை மட்டும் ஓதம் ஏறிய சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நான் மண் என்று சொல்வது பிறந்த மண்ணை மட்டும் குறிப்பதில்லை. சிங்கப்பூரின் உயர்மாடிக் குடியிருப்பே தன் கேள்வி என்று ஒருவர் முடிவு செய்தால், அதையே நாளெல்லாம் பார்க்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அவருக்குச் சரியான இடம். அளவுகோல் அங்கேயும் இதேதான். டெல்டாவில் வளர்ந்தவருக்கு வெள்ளம், உப்பு, காற்று பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் அறிவு, ஜகார்த்தாவிலும் டாக்காவிலும் விலைபோகும் அறிவு. அதைத் தாழ்வாக எண்ணித் துறந்துவிட்டுப் போக வேண்டிய அவசியமில்லை என்றே சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது: 22, 23 வயதில் யாருக்குத் தன் கேள்வி தெரியும்? தெரியாதவர் பெயர் பெற்ற இடத்தில் சேர்ந்து அங்கே தேடிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? பெயர் பெற்ற இடத்தில் நல்ல சகமாணவர்கள் கிடைப்பார்கள், நூலகம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டாண்டுப் படிப்பில் முதல் ஆண்டைத் தேடுவதிலேயே கழித்தால் ஆய்வேட்டுக்கு வரும்போது கையில் எதுவும் இருக்காது. தேடலை அதற்கு முன்னாலேயே, சம்பளம் கிடைக்கும் காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. புதுச்சேரியில் பாரம்பரிய வீடுகளைச் சீரமைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆரோவில்லில் மண் கட்டுமானத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. காரைக்காலிலேயே புது வீடு கட்டும் இடத்தில் கொத்தனாரோடு ஒரு மழைக்காலம் நின்றாலும் நிறையத் தெரியவரும். கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லுபடியாகும். தேர்வை எழுதி வைத்துவிட்டு இரண்டாண்டு வேலை செய்து, அந்த வேலையில் எழுந்த ஒரு கேள்வியோடு, விண்ணப்பிக்கும் பள்ளிகளின் கடந்த சில ஆண்டு ஆய்வேட்டுத் தலைப்புகளை வாங்கிப் படித்து, அவற்றில் தன் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் ஆய்வேடு எங்கே அதிகம் என்று பார்த்து அங்கே சேரலாம். தலைப்புப் பட்டியல் தர மறுக்கும் பள்ளி எதுவாயினும், அதன் தரவரிசை என்னவாயினும், அதை விலக்கி வைப்பதில் தயக்கம் வேண்டாம்.